முன்னூற்று நாற்பத்தாறு குளம்புகள்

என் தங்கை கிளாரிஸ்ஸா வரையும் குதிரைக்குச் சாம்பல் என்று பெயர். அதன் நிறமும் சாம்பல்தான். எந்தச் சேற்றிலும் புதையாமல் ஓடும். பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வண்டி பள்ளத்தில் மாட்டிக்கொண்டு உறுமினால் அதன் காதில் விழும். ஒருமுறை கனைத்தால் செத்துப் போன பேட்டரிக்கு உயிர் வரும். வாலை உதறினால் வால் விளக்காக எரியும். அதற்கு ஒரே பலவீனம் பீசாங் கோரெங். சாலையோரத்தில் யாராவது வாழைப்பழம் பொரிக்கிற வாசம் வந்தால் எப்பேர்ப்பட்ட அவசரத்திலும் நின்றுவிடும். வில்லன் புகைராசன் கரிமண் காட்டுக்குத் தீ வைக்கப் போகும்போதெல்லாம் கையில் ஒரு பொட்டலம் பீசாங் கோரெங் வைத்திருப்பது அதனால்தான்.

பத்தாங் பெர்ஜுந்தாய் பெரிய சாலையில், நகல் எடுத்துக் கொடுக்கும் கடையில் வேலை செய்கிற முப்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இப்படி ஒரு குதிரை எங்கிருந்து கிடைத்தது என்று இப்போது பலர் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். நடந்தது எனக்குத் தேதியோடு தெரியும் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். நான் ராஃபேல், அவளுக்கு ஒன்பது வயது மூத்தவன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். செரண்டாவில் ஒரு கையுறை ஆலையில் தரம் பார்க்கிற வேலை. கையுறைக்குள் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, எங்கே சொட்டுகிறது என்று பார்ப்போம். இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் பார்க்கிறேன்.

நாங்கள் பிறந்தது ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தின் இரண்டாம் டிவிஷனில். அப்பா டிராக்டர் ஓட்டினார். தொழிலாளர் லயத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு ஏழு கிலோமீட்டர், முழுவதும் மண் சாலை. மழைக்காலத்தில் பள்ளி வேன் வாரத்துக்கு இரண்டு முறையாவது மாட்டிக்கொள்ளும். பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டுநர் இறங்கி நின்று புகை பிடிப்பார். கிளாரிஸ்ஸா அப்போது மூன்றாம் வகுப்பு. மற்ற பிள்ளைகள் அழுவார்கள், இல்லாவிட்டால் பாடுவார்கள். இவள் சன்னலில் படிந்த ஆவியில் விரலால் வரைவாள்.

அந்த வருடம் வகுப்பில் ஆளுக்கொரு வீரன் வரையச் சொன்னார்கள். எல்லாரும் வானத்தில் பறக்கிறவனை வரைந்தார்கள். இவள் ஒரு குதிரையை வரைந்தாள். ஏன் என்று ஆசிரியை கேட்டதற்கு, "பறக்கிறவங்க எல்லாம் மேலயே போயிடறாங்க டீச்சர். வேனை யாரு இழுக்கிறது?" என்றாள். இந்தப் பதிலை ஆசிரியை எங்கள் அம்மாவிடம் சொல்ல, அம்மா தோட்டம் முழுக்கச் சொன்னார்.

இழுக்கத்தான் வேண்டும் என்றால் எங்கள் டிவிஷனில் எருமை இருந்தது. செம்பனைக் குலைகளைக் கட்டை வண்டியில் ஏற்றி இழுத்து வரும் கிழட்டு எருமை. யாருக்காகவும் அவசரப்படாது, யாரைப் பார்த்தாலும் மேலிருந்து கீழே பார்க்கும் என்பதால், தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தாவுக்குப் போல அதற்கும் பெரிய கிராணி என்று பெயர். ஆனால் பன்னிரண்டு மணிக்கு அவிழ்த்துவிட்டால் நேராகக் குட்டைக்குப் போய் இறங்கிவிடும். வேன் எங்கே மாட்டினாலும் அதற்குக் கவலையில்லை. "அது வேலை நேரத்துல மட்டும்தான் இழுக்கும் அண்ணே. நமக்கு எந்நேரமும் இழுக்கிறது வேணும்," என்று கிளாரிஸ்ஸா சொன்னாள். குதிரை அப்படித்தான் வந்தது.

குதிரையை எங்கே பார்த்து வரைந்தாள் என்பதும் முக்கியம். பலசரக்குக் கடையில் கொடுத்த நாட்காட்டியில் ஒரு குதிரைப் படம் இருந்தது. நல்ல படம். ஆனால் தேதித் தாள்களைக் கீழ்ப் பாதியில் ஒட்டியிருந்ததால், குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே ஜனவரி இருந்தது. தலை, கழுத்து, பிடரி எல்லாம் நாட்காட்டியைப் பார்த்து வரைந்தாள். காலுக்கு நோட்டை எடுத்துக்கொண்டு குட்டைக்கரைக்குப் போய், பெரிய கிராணி எழுந்து வரும்வரை காத்திருந்து, அதைப் பார்த்து வரைந்தாள். நாலு கால் உள்ள பெரிய பிராணி இரண்டுமே. வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது டிவிஷனைக் காலி செய்து டவுனுக்கு வந்தோம். ஐந்தாம் படிவம் முடித்தாள். கணக்குப் பாடத்தில் மட்டும் தேறவில்லை. நகல் கடையில் சேர்ந்தாள், அங்கேயே இருக்கிறாள். மோட்டார் சைக்கிளை என்னைவிட வேகமாக ஓட்டுவாள். தேவாலயப் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை. பிரசங்கத்தின்போது அவள் தோள் குலுங்கினால் சாம்பலுக்கென்று ஏதோ புதிய வேடிக்கை அவளுக்குத் தோன்றிவிட்டது என்று எனக்குத் தெரியும். கடையில் கறுத்துப் போயும் கோணலாகவும் வந்த நகல்களை முதலாளி அவளுக்குக் கொடுத்துவிடுவார். அவற்றின் பின்பக்கத்தில்தான் முதல் வரைவு. நல்ல படத்தைத் தடித்த தாளில் மையால் வரைவாள். ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது அதை என்னிடம் தருவாள்.

நான் பார்ப்பேன். ஒரு கட்டத்தில் வேனுக்கு ஐந்து சன்னல், அடுத்த கட்டத்தில் நான்கு. ஓட்டுநருக்கு மூன்றாம் பக்கத்தில் மீசை, நான்காம் பக்கத்தில் இல்லை. இப்படிப் பதினொரு வருடத்தில் முப்பத்தொன்பது பிழைகள் கண்டுபிடித்தேன். பிழை இல்லாத பக்கத்தின் பின்னால் நீல மையில் தேதி போட்டு, 'ரா' என்று கையெழுத்திடுவேன். என் கையெழுத்து விழாத பக்கத்தை அவள் முடிந்ததாக வைத்துக்கொள்ள மாட்டாள். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவள் பதில் சொன்னதில்லை. 'இதற்குச் சக்தி எப்படி வந்தது?' என்று மூன்று வருடமாகப் பென்சிலால் எழுதிக் கொடுத்து வந்தேன். "அது பொறந்ததே அப்படித்தான் லா," என்று அழித்துவிடுவாள்.

போன வருடக் கடைசியில் கிள்ளானில் சிறுவர் புத்தகம் போடும் உஷாராணி அம்மாவுக்குச் சில பக்கங்களை அனுப்பினாள். பத்தே நாளில் பதில் வந்தது. நாற்பத்தெட்டுப் பக்கத்தில் புத்தகமாகப் போடலாம், தமிழ்ப்பள்ளிகளின் வாசிப்பு மாதத்துக்கு அனுப்பலாம், ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் எல்லாம் வந்து சேர வேண்டும் என்றார். அந்த நேரத்தை விட்டால் அச்சகத்தில் இடம் போய்விடும். பிறகு அடுத்த வருடப் பட்டியல்தான்.

எல்லாம் தயாராக இருந்தது. அட்டையும் முடிந்துவிட்டது. அட்டையில் எழுத்துக்குக் கீழே சாம்பலின் குளம்புத் தடம், நடுவில் பிளந்து இரண்டு பாதியாக. கதைக்குள்ளும் அதுதான் அடையாளம். காலையில் சேற்றில் அந்தத் தடத்தைப் பார்த்தால், சாம்பல் வந்து போயிருக்கிறது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள்.

கெடுவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் கிளாரிஸ்ஸா கேட்டாள்: "அண்ணே, ஒரு தடவையாவது நெஜக் குதிரையைத் தொட்டுப் பாத்துட்டு வரலாமா? புத்தகம் வந்தப்புறம் யாராவது கேட்டா, தொட்டிருக்கேன்னு சொல்லணும்ல."

ஜெராம் பக்கத்துக் கடற்கரையில் செல்வா என்பவர் குதிரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம். மோட்டாரில் போனோம். செல்வாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ். குதிரை காப்பி நிறம், பெயர் மைலோ. ஏறுவதற்கு எட்டுப் பத்துப் பிள்ளைகள் பெற்றோர்களோடு வரிசையில் நின்றார்கள்.

கிளாரிஸ்ஸா குதிரையின் கழுத்தில் கை வைத்தாள். "சூடா இருக்கு அண்ணே."

"உசுரு உள்ளது சூடாத்தான் இருக்கும்," என்றேன்.

அவள் நோட்டை எடுத்துப் பிடரியை வரைய ஆரம்பித்தாள். மைலோ நோட்டின் மூலையைக் கடித்துப் பார்த்து, ருசி பிடிக்காமல் விட்டுவிட்டது. எனக்கு வேறு வேலை இல்லை. தலையிலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தேன். குளம்புக்கு வந்ததும் குனிந்தேன். முன்னங்கால் இரண்டையும் பார்த்தேன். சுற்றிப் போய்ப் பின்னங்கால் இரண்டையும் பார்த்தேன். நான்கிலும் பிளவு இல்லை. கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரே கட்டியாக இருந்தது. ஒரு காலில் மட்டும் என்றால் ஏதோ காயம் என்று நினைக்கலாம். நான்கும் ஒரே மாதிரி என்றால் அது பிறவிக் குறைதான் என்று முடிவு செய்தேன்.

வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்டால் செல்வாவின் தொழில் கெட்டுவிடும். அதனால் அவரைத் தள்ளிக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன்: "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க குதிரைக்குக் குளம்பு பிளக்கவே இல்ல. நாலும் ஒட்டிப் போயிருக்கு. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

செல்வா தொப்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: "அண்ணே, நீங்க எந்த எஸ்டேட்டு?"

சொன்னேன்.

"அங்க குதிரை இருந்துச்சா?"

"இல்ல. எருமை இருந்துச்சு."

"அதான் லா," என்றார். பிறகு தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சிரித்தார். "பதினெட்டு வருசமா குதிரையோட இருக்கேன். காய்ச்சலுக்கு டாக்டரைக் கூப்பிட்டிருக்கேன், வயித்து வலிக்குக் கூப்பிட்டிருக்கேன். குளம்பு பிளக்கலன்னு கூப்பிடச் சொன்ன மொத ஆளு நீங்கதான் அண்ணே. குதிரைக்கு ஒத்தைக் குளம்புதான். மாடு, எருமை, ஆட்டுக்குத்தான் ரெண்டு."

வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டுவிட்டது. அவர்களும் சிரித்தார்கள். கிளாரிஸ்ஸாவும் சேர்ந்து சிரித்தாள். "எங்க அண்ணன் ஃபேக்டரியில தரம் பாக்குறவரு. பாத்துக்கங்க," என்று அவர்களிடம் சொல்லவும் செய்தாள். சொல்லி முடித்த பிறகுதான் அவள் சிரிப்பு நின்றது. நோட்டை மெல்லத் திருப்பி அட்டையைப் பார்த்தாள். அதில் அவள் எப்போதோ வரைந்து வைத்திருந்த சாம்பல் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

செல்வாவும் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது, நல்ல மனதோடுதான் சொன்னார்: "தங்கச்சி வரைஞ்சதா? நல்லா இருக்கே. தலை குதிரை, காலு மாடு."

அதற்குள் ஒரு தகப்பன், குதிரையைத் தண்ணீர் ஓரம்வரை கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டார். கடல் வற்றியிருந்தது. தண்ணீர் வரைக்கும் கறுத்த சேறு. செல்வா மறுத்துவிட்டார். "அங்க எறக்கினா காலு கம்பு மாதிரி நேரா உள்ள போயிரும். போன வருசம் ஒரு தடவை மாட்டிக்கிச்சு. நாலு பேரு கயித்தைக் கட்டி இழுத்தோம். எருமைன்னா குளம்பை விரிச்சுக்கிட்டுப் போயிரும், பொதையாது." என்னைக் காட்டி, "அந்த அண்ணன்கிட்ட சொல்லுங்க, எருமை கொண்டாருவாரு," என்றார்.

திரும்பி வரும்போது கிளாரிஸ்ஸாதான் ஓட்டினாள். முதல்முறையாக எனக்குப் பயமில்லாத வேகத்தில் ஓட்டினாள். வீட்டுக்கு வந்ததும் எல்லாப் பக்கங்களையும் தரையில் பரப்பிவிட்டு, "எண்ணு," என்றாள்.

எண்ணினேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு கட்டங்கள். குதிரை வருவது நூற்று எண்பத்தேழில். குளம்பு தெரிவது நூற்று முப்பத்தொன்றில். குளம்புகள் முன்னூற்று நாற்பத்தாறு. சேற்றுத் தடங்கள் தனி, ஐம்பத்தெட்டு. அட்டையில் ஒன்று. எல்லாப் பக்கத்தின் பின்னாலும் என் கையெழுத்து இருந்தது.

"ஒருத்தருமா சொல்லல," என்றாள். "ஃபோனுல தட்டினா ஒரு செகண்டுல வந்திருக்கும்."

உண்மைதான். ஆனால் தெரியாததைத்தான் தேடிப் பார்ப்போம். தெரியும் என்று நினைப்பதை யார் தேடுகிறார்கள்?

"நாலு நாளு இருக்கு. நானும் சேந்து போடறேன்," என்றேன்.

"நீ தொடாத அண்ணே. நான் யோசிக்கணும்." பக்கங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "கோலாலம்பூருல பிள்ளைங்க குதிரை சவாரி கிளாசுக்கெல்லாம் போகுதுங்க. ஒரு பிள்ளை பாத்தாப் போதும். எஸ்டேட்டுக்காரி வரைஞ்சா இப்படித்தான் இருக்கும்னு சொல்வாங்க. என்னைச் சொன்னா பரவால்ல. சாம்பலைப் பாத்துச் சிரிப்பாங்க லா."

பதினொரு வருடத்தில் அவள் அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

அந்த வாரம் எனக்கு மாலை ஷிஃப்டு. திங்கள்கிழமை காலையில் அவள் கடைக்குப் போன பிறகு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. சாம்பலின் குளம்பு கறுப்பு, நடுவில் பிளவு மட்டும் வெள்ளைக் கோடு. வெள்ளைக் கோட்டைக் கறுப்பு மையால் மூடினால் ஒத்தைக் குளம்பு. அது வரைவது ஆகாது, ஓட்டையை அடைப்பதுதானே என்று நினைத்தேன். அவளுடைய பேனாவை எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி போகாமல் அடைத்தேன். முதல் இரண்டு பக்கத்தில் பதினான்கு குளம்புகள். ஒன்பதை முடித்திருந்தேன். சாப்பாட்டு நேரத்துக்கு அவள் வந்துவிட்டாள்.

கதவருகிலேயே நின்று பார்த்தாள். "என்னா அண்ணே செய்யிற?"

"ஒம்பது முடிஞ்சுது. இந்த வேகத்துல போனா புதன்கிழமைக்குள்ள..."

பக்கத்தைக் கையில் எடுத்தாள். அவள் பார்த்த பிறகுதான் எனக்கும் தெரிந்தது. பிளவு போய்விட்டது, ஆனால் உருவம் மாட்டுக் குளம்பின் உருவம்தான். குதிரை அப்பாவின் பழைய ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிற்பது போலிருந்தது.

"தொடாதன்னு சொன்னேன்ல."

"நல்லதுக்குத்தானே..."

"இது அசல் அண்ணே. நகல் இல்ல. கெட்டுப்போனா இன்னொண்ணு எடுக்க முடியாது."

அவள் சாப்பிடாமல் திரும்பிப் போனாள். அவளுக்குத் தட்டில் போட்டு வைத்திருந்த சோற்றை மூடிவிட்டு நானும் செரண்டாவுக்குக் கிளம்பினேன். அன்றைக்கு ஆலையில் இரண்டு ஓட்டைக் கையுறைகளை விட்டுவிட்டேன் என்று மேற்பார்வையாளர் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறை.

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் வீட்டிலிருந்தே உஷாராணி அம்மாவைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டாள். நான் அடுக்களையில் இருப்பது தெரிந்துதான் போட்டாள் என்று நினைக்கிறேன்.

"மேடம், புத்தகத்தை நிறுத்திடலாம்னு நினைக்கிறேன்," என்று ஆரம்பித்து நடந்ததை முழுக்கச் சொன்னாள்.

அந்தப் பக்கம் தாள் புரட்டும் ஓசை. "அட ஆமா," என்றார் உஷாராணி அம்மா. "மூணு தடவை பாத்தேன். எங்க வீட்டுக்காரரும் பாத்தாரு. நான் கிள்ளான்ல பொறந்தவ கிளாரிஸ்ஸா, குதிரையை எங்க கண்டேன்."

"அதனாலதான் மேடம், வேணாம்."

"இரு. தெரியாம இருந்த வரைக்கும் வேற. தெரிஞ்சப்புறம் அப்படியே போட முடியாது. அதுக்காக நிறுத்தணும்னு இல்ல. ஒண்ணு திருத்து. இல்லன்னா ஏன் அப்படி இருக்குன்னு கதைக்குள்ள ஒரு காரணம் சொல்லு. காரணம் இருந்தா பிள்ளைங்க எதையும் ஒத்துக்குவாங்க. வால்ல விளக்கு எரியுதுன்னா ஒத்துக்கிறாங்கள்ல?"

"நாப்பத்தெட்டுப் பக்கமும் முடிஞ்சுபோச்சு மேடம்."

"வெள்ளிக்கிழமை மூணு மணி. நாப்பத்தொம்பது ஆக்கிடாத, அச்சுல ஒட்டாது," என்று வைத்துவிட்டார்.

கிளாரிஸ்ஸா தரையில் பக்கங்களை மறுபடி பரப்பினாள். நான் அடைத்துக் கெடுத்த முதல் இரண்டும் முன்னால் இருந்தன. முதல் பக்கத்தில் கொட்டுகிற மழையில் ஒரு லோரி சாம்பலை இரண்டாம் டிவிஷனில் இறக்கிவிட்டுப் போகிறது. இரண்டாம் பக்கத்தில் தூரத்தில் பள்ளி வேன் சேற்றில் உறுமுகிறது, சாம்பல் காதைத் திருப்புகிறது. மூன்றாம் பக்கத்தில் சேற்றின்மேல் பாய்ந்து ஓடுகிறது. என் ஒன்பது குளம்புகளும் அந்த ஓட்டத்துக்கு முன்னால் இருந்தன. பாக்கி ஐந்தைத் தவிர, பிளந்த குளம்புகள் எல்லாம் அதற்குப் பின்னால் இருந்தன.

அவள் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள், மூன்றாவதைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நினைத்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, செல்வா என்னா சொன்னாரு? சேத்துல எறக்கினா?"

"கம்பு மாதிரி உள்ள போயிரும்னாரு."

"எருமைன்னா?"

"விரிச்சுக்கிட்டுப் போயிரும்."

"அப்ப இங்க என்னா ஆகணும்?" என்று இரண்டாம் பக்கத்துக்கும் மூன்றாம் பக்கத்துக்கும் நடுவில் விரலை வைத்தாள்.

எனக்கு உடனே பிடிபடவில்லை. அவளே சொன்னாள். சாம்பல் முதலில் சாதாரணக் குதிரைதான். எல்லாக் குதிரைக்கும் போல ஒத்தைக் குளம்பு. வேன் உறுமுகிற சத்தம் கேட்டு ஓடுகிறது. நாலு எட்டு வைக்கவில்லை, முழங்கால்வரை புதைந்துவிடுகிறது. வேன் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அது பின்வாங்கவில்லை, இன்னொரு கால் எடுத்து வைக்கிறது. அப்போது பக்கத்துச் செம்பனையில் இடி விழுகிறது. சேறு கொதிக்கிறது. நாலு குளம்பும் ஒரே நேரத்தில் நடுவில் பிளக்கிறது. சாம்பல் சேற்றின்மேல் ஏறி நிற்கிறது.

"சக்தி எப்படி வந்துச்சுன்னு மூணு வருசமா கேட்டியே," என்றாள். "இந்தா."

"பென்சில்ல எழுதினதை அழிச்சிட்டியே."

"மறுபடி எழுதிக்க. ஆனா அந்தப் பேனாவை முதல்ல எடு. ரெண்டாம் பக்கத்துல அஞ்சு பாக்கி வச்சிருக்க. அதை யாரு அடைப்பா?"

நான் ஐந்தையும் அடைத்தேன். ஒவ்வொன்றாக முடித்து அவளிடம் நகர்த்தினேன். அவள் மெல்லிய வெள்ளை மையால் ஓரங்களை வளைத்து, ரப்பர் சப்பாத்தைக் குதிரைக் குளம்பாக்கினாள். மாதிரிக்கு மைலோவின் காலை ஃபோனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லிச் செல்வாவைக் கேட்டாள். அவர் பதினேழு படம் அனுப்பினார். கடைசிப் படம் அவருடைய சொந்தக் கால். அதன் கீழே, 'அண்ணனிடம் காட்டவும், பிளவு சரியா என்று கேட்கவும்' என்று எழுதியிருந்தார்.

ஒரு பக்கம் சேர்ந்தால் ஒரு பக்கம் குறைய வேண்டும். பீசாங் கோரெங் பக்கத்தை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் படம் எதுவும் இல்லாமல், 'பக்கம் பக்கமாகப் பார்த்த என் அண்ணன் ராஃபேலுக்கு' என்று மட்டும் அழகாக எழுதி வைத்திருந்தாள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கதையில ஒட்டாதது இது ஒண்ணுதான் அண்ணே."

"எடுத்துடு," என்றேன். தரம் பார்க்கிறவன் வேறு என்ன சொல்ல முடியும்? அந்தத் தாள் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. அதனால் எனக்கு நட்டம் ஒன்றுமில்லை.

புதிய பக்கத்தைப் புதன், வியாழன் இரண்டு நாளில் வரைந்தாள். ஐந்து கட்டங்கள். கடை முதலாளி அந்த இரண்டு நாளும் அவளைப் பின்னறையில் உட்கார வைத்துவிட்டுத் தானே நகல் எடுத்தார். எதையும் நேராக எடுக்கத் தெரியாமல், வருகிறவர்களுக்கெல்லாம் கோணல் தாளாகவே கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலையில் நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். வேன் சன்னல் ஐந்து, ஓட்டுநருக்கு மீசை உண்டு. குளம்பு முதல் மூன்று கட்டத்தில் ஒற்றை, கடைசி இரண்டில் இரட்டை. கையெழுத்திட்டேன். பகல் ஒன்றரைக்கே எல்லாம் உஷாராணி அம்மாவுக்குப் போய்விட்டது.

மார்ச்சில் புத்தகம் வந்தது. முதல் பிரதியைப் பூசைக்குப் பிறகு தேவாலய மண்டபத்தில் பிரித்தோம். நான் வழக்கம்போல முதலிலிருந்து கடைசிவரை பார்த்துக்கொண்டே வந்தேன். மூன்றாம் பக்கத்தில் நின்றேன். இடி விழுகிற செம்பனை மரத்தின் அடியில், தோட்டத்தில் மரத்துக்கு எண் போடுகிற இடத்தில், எண்ணுக்குப் பதிலாக 'ரா' என்று இருந்தது. என் கையெழுத்தின் சுழியோடு அப்படியே இருந்தது. அசலில் நான் அதைப் பார்க்கவே இல்லை.

"இதுவும் விட்டுட்டியா?" என்றாள் கிளாரிஸ்ஸா. "நாப்பதாவது."

கோலாலம்பூர்ப் பிள்ளைகளில் யாராவது சிரித்தார்களா என்று எனக்குத் தெரியாது. சுங்கை பஞ்சாங்கில் ஒரு பள்ளிக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். வயல் சேற்றில் நடக்கிற பிள்ளைகள் அவர்கள். இடி விழுகிற பக்கத்தை அவள் காட்டியபோது ஒருவரும் காரணம் கேட்கவில்லை என்றாள். குளம்பு பிளக்காமல் சேற்றில் ஓட முடியாது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்ததாம்.

செல்வாவுக்கு ஒரு புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதை அவர் பிளாஸ்டிக் உறை போட்டு, வரிசை நிற்கும் இடத்தில் கம்பத்தில் தொங்கவிட்டிருக்கிறார். காத்திருக்கும் பிள்ளைகள் படித்துவிட்டு ஏறுவார்கள். நாங்கள் நின்றிருந்தபோதே ஒரு சிறுமி புத்தகத்தைப் பார்த்தாள், குனிந்து மைலோவின் காலைப் பார்த்தாள், மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள்.

"அங்கிள், இதுக்கு ஏன் குளம்பு பிளக்கல?"

செல்வா என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். சேணத்தின் வாரை இறுக்கிக்கொண்டே அவளுக்குச் சொன்னார்:

"இதுக்கு இன்னும் இடி விழல லா. ஏறும்மா."